சேற்றுக்குப் போர்த்திய அங்கி

பாஃபின் தீவு
ஜூன் 2, 1994

அண்ணிக்கு,

முதலில் நான் பார்த்தது தொப்பியைத்தான்.

சமையலறை ஜன்னல் பக்கம் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கடற்பனி மேல், அண்ணனோடு ஏரி வேலைக்குப் போன யோவானாசியின் பனிவண்டி வந்தது. அது இழுத்து வந்தது அண்ணனுடைய சறுக்குவண்டியை. அதில் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். நீங்கள் தைத்த நீல அங்கி. ஓநாய் ரோமம் வைத்த தொப்பி தலைக்கு மேல் ஏறியிருந்தது. காற்றில் ரோமம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "அம்மா, டீ போடு, வந்துட்டான்" என்று சொல்லிவிட்டுக் கை துடைக்காமல் வெளியே ஓடினேன்.

யோவானாசி வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்தான். நான் சுற்றிக்கொண்டு முன்னால் போய்ப் பார்த்தேன். தொப்பிக்குள் முகம் இல்லை. ஒரு குழாயின் மூடி இருந்தது.

அது ஏரியின் அடியிலிருந்து எடுத்த சேறு. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குழாய், என் தோள் உயரம். அதற்கு அண்ணன் தன் அங்கியைத் தலைவழியாக மாட்டி, நிற்கவைத்து, சாப்பாட்டுப் பெட்டியோடு சேர்த்துக் கட்டியிருந்தான். கட்டியவன் கட்டினபடியே இருக்கட்டும் என்று யோவானாசி தொடாமல் கொண்டுவந்துவிட்டான். ரேடியோவில் சொன்னால் ஊர் முழுக்கக் கேட்கும் என்று நேரிலேயே சொல்ல வந்தான். ஆனால் வந்தும் அவனால் சொல்ல முடியவில்லை. அம்மா டீயோடு வாசலுக்கு வந்து, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துத் தானே தெரிந்துகொண்டாள்.

யோவானாசி பிறகு சொன்னதை எழுதுகிறேன். வேலை முடிந்துவிட்டது. கடைசிக் குழாய் மேலே வந்தாயிற்று. கூடாரத்தையும் அடுப்பையும் பிரித்துக் கட்டிவிட்டார்கள். அப்போது காற்று எழுந்தது. குழாயில் உள்ள ஈரம் உறைந்தால் சேற்றில் இருக்கிற கோடுகள் உடைந்துபோகும் என்று, சேற்றை ஆராய வந்த மார்கிட் எப்போதும் சொல்வாளாம். அதனால் அண்ணன் அங்கியைக் கழற்றி அதற்குப் போட்டான். "நடந்தா எனக்குச் சூடு வந்துரும், இதுக்கு நடக்கத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு, பனியைத் துளைக்கும் கருவியை எடுத்துவர ஏரிமேல் திரும்ப நடந்தான். ஓடை விழுகிற வாய்ப் பக்கமாகக் குறுக்கே போயிருக்கிறான். ஓடை இந்த வருடம் முன்னதாகவே ஓடத் தொடங்கி அடியில் பனியைத் தின்றிருக்கிறது. மேலே புதுப்பனி மூடியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. சத்தம் கேட்டு ஓடினபோது தண்ணீரில் ஒரு கையுறை மட்டும் மிதந்ததாம்.

நர்ஸ் உங்களிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். பிரசவத்துக்காக நீங்கள் தங்கியிருக்கும் விடுதிக்கு அம்மா போன் செய்துகொண்டே இருக்கிறாள். நீங்கள் போனுக்கு வருவதில்லை. எனக்குப் போனில் பேச்சு வராது என்று உங்களுக்குத் தெரியும். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க முடியாமல்தானே பள்ளிக்கூடத்தை விட்டேன். அதனால் எழுதுகிறேன். கண் ஆபரேஷனுக்கு மான்ட்ரியல் வரும் சிமியோனி கொண்டுவந்து தருவார்.

அம்மா ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னாள். குழந்தைக்கு அவன் பெயரை வைப்பீர்களா? பெயர் வந்துவிட்டால் அவன் வந்த மாதிரிதான், நாங்கள் காத்திருப்போம் என்கிறாள்.

ராகிலி

---

மான்ட்ரியல்
ஜூன் 11

ராகிலிக்கு,

அவன் சாகல.

உங்கம்மாகிட்ட சொல்லு. போலீஸ்கிட்டயும் சொல்லு. உடம்பைப் பாத்தீங்களா? கையுறையைப் பாத்தீங்களாம். அவன் கையுறை தொலைக்காத நாள் உண்டா? கல்யாணத்தன்னைக்கே ஒரு கையிலதான் போட்டுக்கிட்டு வந்தான். முந்துன வருஷம் புயல்ல காணாமப் போனப்ப, பாதிரியார் சாவுப் பாட்டெல்லாம் எடுத்து வச்சுட்டாரு. இவன் என்ன பண்ணான்? நாலாம் நாள் கதவைத் தெறந்து "மீன் இருக்கா?"ன்னான். அந்தக் கரைப் பக்கம் ஏறியிருப்பான். மலைக்குப் பின்னாடி யாரோட பழைய கூடாரத்துலயாவது கெடப்பான். தேடுங்க.

அந்த அங்கியை நான் எப்படித் தைச்சேன்னு உனக்குத் தெரியும். நீதான பக்கத்துல ஒக்காந்து நூல் கோத்துக் குடுத்த. வயிறு மெஷின்ல இடிக்குது, கை எட்டல, அப்பவும் விட்டேனா? ரோமத்தை மட்டும் மூணு தடவை பிரிச்சுத் தைச்சேன். அவன் காது வேகமாச் செவக்கும், அதுக்காக. சேறு குளிருதுன்னா தைச்சேன்? சேத்துக்குக் காது இருக்கா?

அந்த மார்கிட் வர்றதுக்கு முன்னாடியும் அந்த ஏரி இருந்துச்சு. அடியில சேறும் இருந்துச்சு. அது பாட்டுக்குக் கெடந்துச்சு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வெயில் அடிச்சுதா, குளிர் அடிச்சுதான்னு தெரிஞ்சு யாரு என்ன பண்ணப் போறா? ஓடை முன்னாடியே ஓடுதுன்னு தெரிஞ்சுக்கத்தான அந்தச் சேறு? தெரிஞ்சுபோச்சுல்ல?

அதைக் கடல்ல கொட்டு. அங்கியைத் தோய்ச்சு ஆணியில மாட்டு. அவன் வந்து போட்டுக்குவான்.

உசுரோட இருக்கறவன் பேரைப் புள்ளைக்கு நான் வைக்க மாட்டேன். கேக்காதீங்க.

லீத்தியா

---

ஜூன் 20

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் முழுவதும் வாசிக்கவில்லை. "நல்லா இருக்காங்களாம்" என்றேன். எழுதியது இவ்வளவு பக்கம் இருக்கிறதே என்று கேட்டாள். எழுத்து பெரிது என்றேன்.

தேடினோம், அண்ணி. நீங்கள் சொன்ன மலைக்குப் பின்னால் யோவானாசி இரண்டு தடவை போனான். பழைய கூடாரத்தில் நரி குட்டி போட்டிருக்கிறது. ஏரியில் கொக்கி போட்டுப் பார்த்தார்கள். கயிறு அடியைத் தொடவில்லை. வேறு கயிறு கொண்டுவந்தார்கள். ஓடை வாய்ப் பக்கம் பனி யாரையும் தாங்காது என்று ஆனதும் போலீஸ்காரர் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். அம்மா அவருக்கு ரொட்டி கொடுத்து அனுப்பினாள்.

சேற்றை நான் கொட்டவில்லை. கோபப்படுங்கள், ஆனால் காரணத்தைக் கேளுங்கள்.

மார்கிட் தன் ஊருக்குத் திரும்பும் முன்னால் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வராமல் முன்னறையிலேயே, பூட்ஸ் வைக்கும் இடத்தில் நின்றாள். குழாயைப் பார்த்து அழுதாள். "இது இனி என்னுடையதில்ல. நீங்க கொட்டிட்டாலும் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வச்சிருந்தீங்கன்னா, ஆகஸ்ட்ல வர்றப்ப வாங்கிக்கிறேன். நிக்க வச்சிருங்க, உறைய விடாதீங்க, வெயில் படவேண்டாம்" என்றாள். யோவானாசிதான் மொழிபெயர்த்தான். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் போனபிறகு அங்கியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். சேறு முழுக்கக் கோடுகள். ஒவ்வொரு கோடையிலும் ஓடை கொண்டுவரும் வண்டல் ஏரியில் படிந்து ஒரு கோடு ஆகுமாம். வெயில் அதிகமான வருடம் தடித்த கோடு. குளிர் வருடம் மயிர் மாதிரி. அடியில் இருக்கும் கோடுகள் நம் ஆட்கள் இந்தக் கரைக்கு வருவதற்கும் முந்தியவையாம். மேலே கடைசியாக இருப்பது போன கோடைக்காலம்.

போன கோடையில் அங்கே யார் இருந்தது, அண்ணி? நீங்களும் அவனும்தானே அந்த ஏரிக்கரையில் மீனுக்காகக் கூடாரம் போட்டிருந்தீர்கள்? நீங்கள் மீன் கழுவின தண்ணீர், அவன் எச்சில் துப்பினது, நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுத் தூக்கி எறிந்த டீத்தூள் எல்லாம் அந்த மேல்கோட்டில் இருக்கும். "நான் ஒண்ணுக்குப் போன வருஷம் எதுன்னு கண்டுபிடி பாப்போம்" என்று அவன் மார்கிட்டைக் கேலி செய்வானாம். அவள் கோபப்படாமல், "இதோ இந்த மஞ்சள் கோடு" என்பாளாம்.

அந்த மேல்கோடு மிகவும் மிருது. குழாய் சாய்ந்தாலே கலங்கிவிடும். நான் பார்த்தபோது சேற்றின் மேல் நின்ற தண்ணீர் தெளிவாக இருந்தது. அவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்து கட்டியிருக்கிறான். அவன் கடைசியாகச் செய்த வேலை அது. என்னால் கொட்ட முடியவில்லை.

அதை முன்னறையில் நிற்கவைத்திருக்கிறேன். அங்கே குளிரும் அளவாக இருக்கிறது. யோவானாசி வரும்போதெல்லாம், "சேத்துக்குச் சட்டை போட்டுக் குடும்பம் நடத்துற ஒரே வீடு இதுதான்" என்பான். அம்மா சிரித்தாள் ஒருநாள். அவள் சிரித்ததும் அவன் வெளியே போய் வெகுநேரம் பனிவண்டியைப் பழுது பார்த்தான். வண்டியில் ஒரு பழுதும் இல்லை.

இன்னொன்று. இந்தத் தடவை கடிதத்தில் நீங்கள் என்னை "அம்மா" என்று கூப்பிடவில்லை. பரவாயில்லை. கவனித்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

ராகிலி

---

மான்ட்ரியல்
ஜூலை 3

ராகிலி,

புள்ள பொறந்துருச்சு. பொண்ணு. நல்ல கனம். தலை நெறைய முடி. காது சட்டுனு செவக்குது.

இங்க ரொம்பப் புழுக்கம். ஜன்னலுக்கு வெளிய மரம், மரத்துக்குப் பின்னாடி மரம். எது வந்தாலும் பக்கத்துல வர்றவரைக்கும் தெரியாது. எப்படித்தான் இதுக்குள்ள இருக்காங்களோ.

நர்ஸ் காகிதத்தை நீட்டி "பேரு?"ன்னா. இப்ப இல்லன்னேன். "பெண் குழந்தை"ன்னு எழுதிட்டுப் போயிட்டா. தினம் வந்து கேக்குறா. பக்கத்துக் கட்டில்ல நம்ம வடக்குப் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி, அவ சொல்றா, "அக்கா, பேரு இல்லாத புள்ளைய எப்படிக் கொஞ்சுவீங்க?" கொஞ்சலன்னேன். பால் குடுக்குறேன்ல, போதும்.

அழுவுது. பகல் முழுக்க அழுவுது. பால் குடிச்சுட்டு அழுவுது, குடிக்காம அழுவுது. டாக்டர் பாத்துட்டு ஒண்ணுமில்லங்கறாரு. அவருக்கு என்ன தெரியும்? புள்ள எதுக்காக அப்படி அழும்னு உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அதோட பேரைக் கேக்குது. செத்தவங்க பேரை நான் ஒவ்வொண்ணாக் கூப்பிட்டுப் பாத்தேன். எங்க சித்தப்பா பேரு. கடல்ல போன எங்க மாமா பேரு. உங்கப்பா பேரு. நம்ம பேருக்கு ஆணு பொண்ணு கெடையாதே. எதுக்கும் நிறுத்தல. ஒரு பேரைத் தவிர எல்லாத்தையும் கூப்பிட்டேன்.

அந்தப் பேரை வச்சா என்ன ஆகும்னு யோசிச்சியா நீ? உங்கம்மாவுக்கு மகன் வந்துருவான். உனக்கு அண்ணன் வந்துருவான். ஊரெல்லாம் வாசல்ல நின்னு "மருமகனே, பங்காளி"ன்னு கூப்பிடுவாங்க. நான்? மார்ல பால் குடிக்கறதைப் பாத்து "என் வீட்டுக்காரரே"ன்னு கூப்பிடணும். முறை அதுதான். எனக்கு வாய் வராது. அவன் வந்து என்னைக் கூப்பிடுற குரலுக்காக நான் காதைத் தீட்டிக்கிட்டு இருக்கேன், இதுல நான் இன்னொண்ணை அப்படிக் கூப்பிட்டா, அவனுக்கு எடம் ஏது?

நான் ஊருக்கு வரல. ஒட்டாவாவுல எங்க பெரியம்மா பொண்ணு வீட்டுல ஒரு ரூம் இருக்கு. வரச் சொல்றா. அவன் ஏரியிலேருந்து வர்ற வழியைப் பாத்த ஜன்னல் வச்ச வீட்டுல இனிமே என்னால இருக்க முடியாது.

நீ கவனிச்சேன்னு எழுதியிருந்த. வேணும்னுதான் கூப்பிடல. ராகிலிங்கறது எங்கம்மா பேரு. எங்கம்மா செத்த அதே குளிர்காலத்துல நீ பொறந்து, பேரை வாங்கிக்கிட்டு வந்த. எனக்கு அப்ப ஒம்பது வயசு. அம்மா இல்லாதவ. உன்னை முதுகுல போட்டுக்கிட்டு "அம்மா, அம்மா"ன்னு ஊரைச் சுத்துனேன். மூக்கு ஒழுகுற அம்மா. உங்கண்ணனை நான் பாத்ததே உன்னைத் தூக்க வந்த எடத்துலதான். நீ மட்டும் ஒருநாளும் திருப்பி என்னை "மகளே"ன்னு கூப்பிட்டதில்ல. வெக்கம். அண்ணி, அண்ணின்னே ஓட்டிட்ட.

அதனால இப்ப உன்னைக் கேக்குறேன். போலீஸ் சொல்றதை நான் நம்பல. நர்ஸ் சொல்றதை நம்பல. உங்கம்மா சொல்றதையும் நம்பல, அவங்களுக்குப் பேரு வேணும். நீ எங்கம்மா. எங்கம்மா என்கிட்டப் பொய் சொன்னதில்ல. நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. செத்துட்டான்னு நீ சொன்னா நான் ஏத்துக்கறேன்.

அந்தத் தண்ணிக்குள்ள அங்கி இல்லாம இருக்கானா? குளிருமா அவனுக்கு?

லீத்தியா

---

ஜூலை 29

என் மகள் லீத்தியாவுக்கு,

இப்படி எழுதுவதற்கு இரண்டு காகிதம் கிழித்தேன். வெட்கம்தான். இனி நீ என்று எழுதுகிறேன்.

நீ சொன்னபடி போனேன். ஏரி திறந்துவிட்டது என்று தெரிந்ததும் யோவானாசி படகில் உள்கடல் வழியாகக் கூட்டிப்போனான். கடலிலிருந்து ஏரிவரை நடந்தோம். கொசு மொய்த்தது. அவன் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான், நான் பேசாததற்கும் சேர்த்து. ஏரி தெரிந்ததும் நிறுத்திவிட்டான்.

கரை முழுக்கச் சுற்றினோம். நீங்கள் கூடாரம் போட்ட கல் வட்டம் அப்படியே இருக்கிறது. அதற்குள் ஒரு தேக்கரண்டி கிடந்தது. எடுத்து வந்திருக்கிறேன், உன்னுடையதுதான் என்று நினைக்கிறேன். அண்ணனுடையது எதுவும் இல்லை. தண்ணீர் ஒன்றையும் திருப்பித் தரவில்லை. "இங்க இல்லன்னா அங்க எங்கயாவது..." என்று யோவானாசி மலைப்பக்கம் கை காட்டினான். முடிக்கவில்லை. அவனும் உன்னைப் போலத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

நான் ஓடை வாயில் உட்கார்ந்தேன். அண்ணன் போன இடம். ஓடை நிறைய வண்டல் கொண்டுவந்துகொண்டிருந்தது, பால் ஊற்றின டீ நிறத்தில். அது ஏரிக்குள் புகுந்து, புகை மாதிரி விரிந்து, மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருக்கலாம். குழாயில் இதுவரை இல்லாத கோடு, இந்த வருடத்துக் கோடு, இப்போதுதான் விழுந்துகொண்டிருக்கிறது. அவன்மேலும் விழுகிறது. கொஞ்சம் தடித்த கோடாகத்தான் இருக்கும்.

செத்துவிட்டான், மகளே. அண்ணன் செத்துவிட்டான்.

குளிருமா என்று கேட்டாய். தண்ணீரில் கை வைத்துப் பார்த்தேன். எலும்புவரைக்கும் குளிர்ந்தது. நான் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது அவனுக்குக் கொஞ்ச நேரம்தான் குளிர்ந்திருக்கும். இப்போது குளிராது.

எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீ மட்டும் காத்திருக்கவில்லை. அந்தக் குழாய்க்கு அங்கி தேவையே இல்லை. ஜூன் பாதியிலேயே முன்னறை உறைகிற குளிரைத் தாண்டிவிட்டது. ஒரு பழைய போர்வை போதும், வெளிச்சம் படாமல் இருக்க. ஆனால் நான் அங்கியைக் கழற்றவில்லை. தொப்பியைக்கூட இறக்கவில்லை. சமையலறையிலிருந்து திரும்பிப் பார்த்தால், கதவிடுக்கில் அந்தத் தொப்பியும் ஒரு தோளும் தெரியும். பூட்ஸைக் கழற்ற உட்கார்ந்த மாதிரி இருக்கும். நான் தினமும் நிறையத் தடவை திரும்பிப் பார்ப்பேன்.

நேற்று ஏரியிலிருந்து வந்ததும் போனை எடுத்தேன். அம்மாவுக்கு ஆச்சரியம். விடுதியின் எண்ணை அவள்தான் சுழற்றித் தந்தாள். அந்தப் பக்கம் யாரோ பிரெஞ்சில் பேசினார்கள். பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. வைத்துவிடலாம் என்று நினைத்தேன். "லீத்தியா, லீத்தியா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேன். நீ வர மாட்டாய் என்றுதான் நினைத்தேன். வந்தாய்.

உன் மூச்சும், அதற்குப் பின்னால் குழந்தை அழுவதும் கேட்டது. "அதோட காதுல வை" என்றேன். இவ்வளவு சத்தமாக நான் யாரிடமும் பேசினதில்லை. நீ வைத்தாய் என்பது அழுகை பெரிதானதில் தெரிந்தது.

நான் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய், குழந்தைதான் கேட்டது. அதனால் எழுதுகிறேன். "கில்லாக். அண்ணா. ராகிலி பேசுறேன். வந்துட்டியா?" என்றேன். அவ்வளவுதான்.

உன் அம்மாவாக நான்தான் அதற்குப் பெயர் வைத்தேன். நீ வைக்கவில்லை. உனக்கு வாய் வரும்வரை நீ அதை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடு, கூப்பிடாமலும் இரு. ஒட்டாவாவுக்குப் போவதானாலும் போ. அம்மா கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் வரவில்லை. அழுகை நின்றதா, லைன் அறுந்ததா, எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தேன். எது என்று எழுது.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அடுப்பில் கெட்டிலை வைக்கப் போனாள்.

நான் போனை வைத்துவிட்டு முன்னறைக்குப் போனேன். தொப்பியை இறக்கினேன். பிறகு, குழாய் சாயாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அங்கியைத் தலைவழியாக மெல்ல மேலே தூக்கிக் கழற்றினேன்.

உன் அம்மா
ராகிலி